ஓசூரில் நான் சிஸ்டர்

1

போன வாரம் வார்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. இடுப்பு எலும்பு உடைந்து படுத்திருக்கும் ஒரு பெரியவர், ஜன்னலோரக் கட்டிலில் இருந்து "சிஸ்டர்!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். மடித்துக்கொண்டிருந்த போர்வையை அப்படியே போட்டுவிட்டு "கமிங், கமிங்" என்று ஓடினேன். எதிர்ப்பக்கத்தில் இருந்து இன்னொரு அம்மாவும் வந்தார். கருநீல யூனிஃபார்ம், வெள்ளைத் தலைமுடி, பெயர் ஜேன். இந்த வார்டே அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. என் தோளைத் தொட்டு, கோபமில்லாமல் சிரித்தபடி, "என்னைத்தான் கூப்பிடுகிறார், டியர்" என்றார்.

நான் புதுசு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு மறுபடி போர்வை மடிக்கப் போனேன்.

இங்கிலாந்தில் சிஸ்டர் என்பது ஒரு பதவி. ஒரு வார்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். பல வருஷம் நர்ஸாக இருந்து, மேலே படித்து, ஆட்களைக் கட்டி மேய்த்து வாங்குகிற பதவி. மற்ற நாங்கள் எல்லாம் வெறும் நர்ஸ். நம் ஊரில் அப்படியா? ஊசி போடுகிறவள் சிஸ்டர், டிரிப் மாற்றுகிறவள் சிஸ்டர், இன்னும் படிப்பே முடிக்காமல் வார்டில் பயிற்சிக்கு நிற்கிற பெண்ணும் சிஸ்டர். பில் கவுன்டரில் இருக்கிற பெண்ணைக்கூட "சிஸ்டர், கொஞ்சம் சீக்கிரம் போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இங்கிலீஷ் பரீட்சைக்குக் கோச்சிங் போகிற பெண்கள் வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்கிறார்கள், "அக்கா, உங்களுக்கு வேலை எப்படிக் கிடைச்சது?" என்று. கிடைத்த கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். முதல் தடவை கிடைத்துக் கைநழுவிப் போன கதைதான் நீளம். அந்த ஒரு சொல்லால்தான் போனது.

போனது வேலை மட்டும் என்றால் நான் இதை எழுத மாட்டேன். என் மகள் ஜெனி ஓசூரில் இருக்கிறாள். முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்று நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இங்கே சட்டம் போட்டார்கள். நர்ஸாக வேலை கிடைத்தவர்கள் கூட்டிவரலாம். கேர் வேலைக்கு வந்து, பரீட்சை எழுதி, நர்ஸாகி, பிள்ளையைக் கூட்டிவந்துவிட வேண்டும். இந்த நாட்டில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

2

என் பெயர் பிலோமினா. மத்திகிரியில் பிறந்தவள். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் சிஸ்டர் என்றால் மூன்று அர்த்தம்: கூடப் பிறந்தவள், கன்னியர் மடத்தில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் இருப்பவர். பத்தாவது படிக்கும்போது, படித்து முடித்ததும் சிஸ்டர் ஆவேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். மடத்துச் சிஸ்டர்கள் சந்தோஷமாக அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மடத்துக்காம்மா போற?" என்றார்.

"இல்லப்பா, ஆஸ்பத்திரி சிஸ்டரு."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று தட்டை இழுத்துக்கொண்டார். அப்போதே இந்தச் சொல் எனக்கு ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிமூன்று வருஷம் அவசரப் பிரிவில் வேலை பார்த்தேன். கேஷுவால்ட்டி என்றுதான் சொல்வோம். கம்பெனிகளில் ஷிஃப்ட் முடிகிற நேரம்தான் எங்களுக்குத் திருவிழா. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவர், ஹைவேயில் பைக்கோடு விழுந்தவர், கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கம்பெனி வேனில் வாந்தியோடு வந்து இறங்கும் பெண்கள். "சிஸ்டர், தும்பா நோவு" என்றால் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். "சிஸ்டர், சால நொப்பி" என்றால் வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். "சிஸ்டர், பஹுத் தர்த்" என்றால் வடக்கிலிருந்து வந்து ஷெட்டில் தங்கியிருக்கிற பையன். வலிக்கு ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். எனக்கு எல்லோரும் வைத்திருந்தது ஒரே சொல்.

என் வீட்டுக்காரர் அந்தோணியே எனக்கு முதலில் ஒரு கட்டைவிரல் காயமாகத்தான் அறிமுகம். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் அச்சுகளைப் பழுதுபார்க்கிற டை மெயின்டெனன்ஸ் வேலை பார்க்கிறார். நாலு தையல் போட்ட டாக்டர் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் முகம் ஞாபகம் இருந்ததாம். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கழித்துக்கூட, சொந்தக்காரர் வீட்டு விருந்தில் "சிஸ்டர், அந்தக் கொழம்ப இப்பிடித் தள்ளு" என்று வாய் தவறிச் சொல்லி மானத்தை வாங்கினார்.

அப்படியிருக்க ஏன் கிளம்பினாய் என்று கேட்பீர்கள். பிள்ளை படிப்பு, சொந்த வீடு என்று எல்லோரும் சொல்கிற காரணங்கள் பாதி உண்மை. மீதிப் பாதி, கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டதுதான். ஒருத்தி அயர்லாந்து, ஒருத்தி குவைத், இன்னொருத்தி ஜெர்மன் படிக்கிறாள். டூட்டி ரூமில் டீ குடிக்கும்போது "நீ எப்போ?" என்று கேட்பார்கள். ஊரெல்லாம் ஓடும்போது நாம் மட்டும் நின்றால் காலில் ஏதோ கோளாறு என்றுதான் நமக்கே தோன்றும்.

3

வந்து இறங்கியது வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். முதியோர் இல்லத்தில் கேர் அசிஸ்டன்ட் வேலை. காலையில் முதல் பஸ், போய்ச் சேர்ந்ததும் ஆட்களை எழுப்பிக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, டோஸ்ட் வெட்டி ஊட்டுவது. மரியாதைக் குறைவான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியைத் தொடக்கூடாது, மாத்திரையைத் தொடக்கூடாது. யாராவது மயங்கி விழுந்தால் போன் செய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதிமூன்று வருஷம் ஓடிய கால்களை மடக்கி உட்காரவைப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

பாஷைதான் பெரிய கூத்து. இங்கிலீஷ் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவள் நான். காலையில் "யூ ஆல்ரைட்?" என்று கேட்பார்கள். நான் நின்று, நேற்று தலைவலி இருந்தது, இப்போது பரவாயில்லை, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று முழு ரிப்போர்ட் கொடுப்பேன். கேட்டவர் அதற்குள் படி ஏறிப் போயிருப்பார். அது வெறும் வணக்கம் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மார்கரெட் என்று ஒரு பாட்டியிடம் முதல் நாளே "டூ யூ ஹேவ் சுகர்?" என்று கேட்டேன். நம் ஊரில் சுகர் இருக்கா என்று கேட்டால் யாரும் டப்பாவைத் தேட மாட்டார்கள். மார்கரெட், "டூ, ப்ளீஸ்" என்றார். டீயில் இரண்டு ஸ்பூன் வேண்டுமாம். சாயங்காலம் போனில் ஜெனியிடம் சொன்னபோது அவள் சிரித்து உருண்டாள். அப்போது அவள் தினமும் பேசுவாள். என் தப்புகளைக் கேட்பதற்காகவே காத்திருப்பாள். "இன்னைக்கு என்ன உளறுன?" என்பதுதான் முதல் கேள்வி.

ஜெனிக்கு அப்போது பத்து வயது. தொரப்பள்ளிக்குப் பக்கத்தில் என் நாத்தனார் ஸ்டெல்லா வீட்டில் சாயங்காலம் வரை இருப்பாள். அந்தோணி ஷிஃப்ட் முடிந்து வந்து கூட்டிப் போவார். "ஒரு வருஷந்தான் பாப்பா. அம்மா பரீட்சை முடிச்சதும் நீங்க ரெண்டு பேரும் வந்துரலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் படித்தேன். லீவு நாளில் எல்லாம் புத்தகம்தான். கேட்ட பரீட்சைகள் அத்தனையும் தேறி, இந்த நாட்டில் நர்ஸாகப் பதிவும் ஆனேன். ஒரு வருஷத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

4

பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

"ஐ வாஸ் எ சிஸ்டர் இன் கேஷுவால்ட்டி ஃபார் தர்ட்டீன் இயர்ஸ்" என்றேன்.

மூன்று முகமும் மலர்ந்தது. ஓரத்தில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் இங்கிலீஷ்தான் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் டீமில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர் இருப்போம் என்று கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, ஆறு பேர் என்றேன். ஒரே நேரத்தில் நிறைய பேர் அடிபட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். அது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரிக் கேள்வி. கம்பெனி பஸ் கவிழ்ந்து ஒரே நேரத்தில் ஆட்கள் வந்த நாளைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு நான்தான் எல்லாம் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வாயில் வந்தது, "தட் டே ஐ ஒன்லி மேனேஜ்ட் எவ்ரிதிங்." உண்மைதான். அன்றைக்கு இருந்தவர்களில் நான்தான் சீனியர். யார் எங்கே படுக்க வேண்டும், யாரை முதலில் உள்ளே தள்ள வேண்டும் என்று நான்தான் சொன்னேன். நம் ஊரில் அதற்குப் பதவி கிடையாது, பழக்கம்தான்.

நீங்கள் யாருக்குக் கீழே வேலை பார்த்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டார்கள். டூட்டி டாக்டர் என்றேன். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் என்று ஒருவர் மாடியில் இருந்தார். அவர் கேஷுவால்ட்டிக்கு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை, அதனால் அவர் ஞாபகமே வரவில்லை.

அடுத்த வாரம் வேலை உறுதி என்று தகவல் வந்தது. பதவி என்ற இடத்தில் "ஜூனியர் சிஸ்டர்" என்று இருந்தது. அன்றைக்கு எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. இத்தனை மாதம் "கேரர்", "டார்லிங்", "எக்ஸ்கியூஸ் மீ" என்றெல்லாம் கூப்பிட்டார்கள், கடைசியில் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. ஜூனியர் என்று போட்டிருப்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. புது ஆள்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போனில் கத்தினேன். "பாப்பா, அம்மா சிஸ்டர் ஆயிட்டேன்!"

"நீ எப்பவுமே சிஸ்டர்தானம்மா?" என்றாள் ஜெனி, ஒன்றும் புரியாமல்.

5

பள்ளிக்கூடம் முடிகிற சமயம் அது. அந்தோணி போய் டி.சி. வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டார். மனைவியும் கணவனும் சேர்ந்து இருந்தால்தான் பிள்ளைக்கு விசா சுலபம் என்பதால், தானும் கிளம்பப்போவதைக் கம்பெனி மேனேஜர் காதில் போட்டு வைத்தார். பரீட்சை முடிந்த கடைசி நாளில் ஜெனிக்கு வகுப்பில் கேக் வெட்டினார்கள். மிஸ் ஒரு பேனா கொடுத்தார். பிள்ளைகள் எல்லாம் அவள் வெள்ளைச் சட்டையில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காவ்யா என்று ஒரு தோழி, பாகலூரில் இருந்து வருகிற கன்னடக்காரப் பெண். அவளிடம் ஜெனி தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டாள். "லண்டன்ல எனக்கு எதுக்கும்மா?" என்றாள். நான் இருக்கிற ஊருக்கும் லண்டனுக்கும் ரயிலில் கால் நாள் ஆகும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு எல்லாம் லண்டன்தான்.

அதற்குப் பிறகுதான் அந்த போன் வந்தது. மருத்துவமனை ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஒரு பெண். குரல் அவ்வளவு மென்மை. உங்கள் பழைய மருத்துவமனையில் விசாரித்தோம், நீங்கள் ஸ்டாஃப் நர்ஸ் என்று பதில் வந்திருக்கிறது என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"ஆனால் நீங்கள் சிஸ்டர் என்று சொன்னீர்களே."

"ஆமாம், நான் சிஸ்டர்தான்."

பிறகு, வேறு யாராவது அங்கே சிஸ்டராக இருந்தார்களா என்று கேட்டார்.

"எல்லாருமே சிஸ்டர்தான்" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே எங்கேயோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. அவர்தான் பொறுமையாக விளக்கினார். நான் படபடவென்று, எங்கள் ஊரில் எல்லா நர்ஸையும் அப்படித்தான் கூப்பிடுவோம், நான் பொய் சொல்லவில்லை, எனக்கு அந்தப் பதவியும் வேண்டாம், சாதாரண நர்ஸாகவே எடுத்துக்கொள்ளுங்கள், என் பிள்ளை டி.சி. வாங்கிவிட்டாள் என்று என்னென்னவோ சொன்னேன். டி.சி. என்றால் என்ன என்று அவர் கேட்டார். என்னால் அதை இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

சில நாள் கழித்து முடிவு மெயிலில் வந்தது. "அன்ஃபார்ச்சுனேட்லி" என்று ஆரம்பித்தது. பண்பாட்டு வேறுபாடு இருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்கிறார்களாம். ஆனாலும் நேர்முகத்தில் மூன்று பேரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார்கள், ஆட்களை நிர்வகித்ததாக நானே சொன்னேன், இந்தத் தொழிலில் நேர்மை முக்கியம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்ததா? இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் அவர்கள் இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஓசூரில் ஒருவன் டாக்டர் என்று சொல்லி வேலைக்கு வந்து, எங்கள் தெருவில் எல்லோரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம் என்று சொன்னால் நாங்கள் விட்டுவிடுவோமா?

டி.சி.யைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்தோணி ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் போய் நின்றார். நல்லவேளை, இடம் இருந்தது. ஜூன் மாதம் ஜெனி அதே பள்ளிக்கு, அதே பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். கேக் வெட்டி அனுப்பிவைத்தவர்களிடம். முதல் நாள் சாயங்காலம் எனக்கு அவளிடம் பேசவே பயமாக இருந்தது.

"பசங்க ஏதாவது சொன்னாங்களா பாப்பா?"

"லண்டன், லண்டன்னு கூப்புடுறாங்க."

"சைக்கிள காவ்யாட்ட வாங்கிக்க. அவங்கம்மாவே குடுக்கறேன்னாங்களாமே, அப்பா சொன்னாரு."

"குடுத்தத எப்பிடிம்மா திருப்பி வாங்கறது?" என்றாள். அந்த வருஷம் பூரா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாளாம். அந்தோணி புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாள்.

6

அதற்குப் பிறகு வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டேன். இதற்கு முன் கொடுத்த வேலையை யாராவது திரும்பப் பெற்றிருக்கிறார்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று எழுதிக் காரணமும் எழுதுவேன். படித்துப் பார்த்தால் எனக்கே அது கட்டுக்கதை மாதிரித்தான் இருக்கும். பதில் வராது. போதாக்குறைக்கு, வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதையே அப்போது பல இடங்களில் குறைத்துவிட்டார்கள். நான் பழையபடி டோஸ்ட் வெட்டிக்கொண்டிருந்தேன். மார்கரெட் பாட்டிக்கு நாளாக நாளாக எல்லாம் மறந்துபோனது, என் பெயர் உட்பட. டீக்கு இரண்டு ஸ்பூன் மட்டும் மறக்கவில்லை.

ஜெனி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனதை நான் கவனிக்காமல் இல்லை. முதலில் "இன்னைக்கு என்ன உளறுன?" நின்றது. தினமும் பேசியவள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனாள். எப்படி இருக்கே என்றால் "ஃபைன்மா". என்ன நடந்தது என்றால் "நத்திங்மா". அவள் பேச்சில் காவ்யாவின் கன்னடம் ஏறிக்கொண்டே வந்தது. நான் வேலை செய்த காலத்தில் நோயாளிகளிடம் பேசிய கன்னடம் எனக்கும் தெரியும், ஆனால் அவர்கள் இருவரும் பேசிச் சிரிக்கிற கன்னடம் எனக்குப் பிடிபடவில்லை. பள்ளிக் கோ-கோ டீமில் சேர்ந்தாள். கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டிக்குப் போய்வந்தாள். ஜெயித்ததை ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீ தூங்கற டைம்னு நெனச்சேம்மா" என்றாள். நல்ல காரணம்தான். குறை சொல்லவும் வழியில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. சேர்த்தது என் பழைய மருத்துவமனையில். என் கேஷுவால்ட்டிக்குத்தான் முதலில் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த கலாவதி டிரிப் போட்டிருக்கிறாள், கூடவே இருந்து சாத்துக்குடி பிழிந்து கொடுத்திருக்கிறாள். எல்லாம் முடிந்து, தட்டணுக்கள் ஏறி, வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதுவரை நான் போன் செய்தபோதெல்லாம், பிள்ளை தூங்கிவிட்டாள் என்றே சமாளித்திருக்கிறார்கள்.

"உனக்குச் சொன்னா நீ அங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணுவ? பயந்துக்குவ, அவ்வளவுதான்" என்றார் அந்தோணி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கலாவதிக்கு போன் போட்டு அவளையும் திட்டினேன். ஏன்டி, நீயாவது சொல்லக்கூடாதா? அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உம் பொண்ணுதான் வேணாம்னா பிலோ. அம்மா லீவு போட்டு ஓடி வந்துருவாங்க, அப்புறம் வேல போயிரும்னா" என்றாள்.

ஊசி போடும்போது அழுதாளா என்று கேட்டேன். இல்லை என்றாள் கலாவதி. நான் இங்கே யார் யாருக்கோ வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த வாரம் அது. என் பிள்ளை என் வார்டில் படுத்திருந்தாள், நான் இல்லை. இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

7

இப்போது சேர்ந்திருக்கும் மருத்துவமனை அந்தப் பெரிய மருத்துவமனை இல்லை, வேறு. இன்டர்வியூவில் நானே முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். ஜேன்தான் கேள்வி கேட்டவர். சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஓ, யூ புவர் திங்" என்றார். வேலை கொடுத்தார்கள். நாலு வரியில் சொல்லிவிடலாம் என்றேனே, அந்த நாலு வரி இவ்வளவுதான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து போன் செய்தேன். இங்கே காலை, அங்கே சாப்பாடு முடிந்த நேரம். அந்தோணி போனை ஜெனியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், கழுத்து நீண்டு தெரிந்தது. முகத்தில் என் அப்பாவின் ஜாடை வந்திருந்தது.

"அப்பா சொன்னாரும்மா, வேல கெடச்சிருச்சுன்னு. கங்கிராட்ஸ்."

"இந்தத் தடவ அவங்களே எல்லா செக்கிங்கும் முடிச்சிட்டாங்க பாப்பா. சேந்துட்டேன். ஒண்ணும் மாறாது."

"ம்."

வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதைக் கேட்காமல் மற்றதெல்லாம் பேசினேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, நூலகத்தில் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுக்கலாம், குளிர்காலத்தில் பனி கொட்டும். புடவைக் கடைக்காரர் ஒவ்வொரு புடவையாக விரித்துப் போடுவதுபோல் விரித்துக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அங்க கோ-கோ இருக்காதுல்ல?" என்றாள்.

"இருக்காதுன்னு நெனைக்கிறேன். வேற நெறைய வெளையாட்டு இருக்கு."

"தெரியும்மா. போன்ல தேடிப் பார்த்தேன். அந்த ஸ்கூல் போட்டோகூடப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்தோணி சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு பேருக்கும் முன்பே பேச்சு நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு பாப்பா."

"நீ கூப்பிட்டா நான் வந்துருவேன். கண்டிப்பா வந்துருவேன். எங்களுக்காகத்தான் நீ அங்க கஷ்டப்படறேன்னு தெரியும். நீ கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது." அவள் போனைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "அதனால கூப்பிடாதம்மா."

சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். இதுவரை நான் அவளைக் கூப்பிடவில்லை.